ரைலனோலும் அட்விலும் மாறி மாறிக் கொடுக்கலாமா?



நவம்பர் பிறந்துவிட்டால் போதும், பாடசாலையில் ஒரு பிள்ளை தும்ம, அடுத்த கிழமை வகுப்பே இருமும். அதற்கடுத்த கிழமை நம் வீடுகளில் காய்ச்சல். இந்த மாதங்களில் இப்பகுதிக்கு அதிகம் வரும் கேள்வி ஒன்று உண்டு: “பிள்ளைக்கு ரைலனோலையும் அட்விலையும் மாறி மாறிக் கொடுக்கலாமோ?” கேட்பவர்களில் பலர் ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்தான். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வேலைத்தலத்தில் சொன்னார்கள், ஏன், சில இடங்களில் வைத்தியரே சொல்லியிருக்கிறார்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான காய்ச்சலுக்கு ஒரு மருந்து போதும். இரண்டாவது மருந்து உதவும் நேரமும் உண்டு. ஆனால் மணிக்கூட்டைப் பார்த்து 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்றை மாற்றி ஒன்றை ஊற்றும் பழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. இரண்டும் நல்ல மருந்துகள்தான். நம் வீடுகள் நடக்கும் விதத்துக்குத்தான் இந்தப் பழக்கம் பொருந்தி வராது. அதைக் கீழே விளக்குகிறோம்.

ஒரே மருந்துக்குப் பல பெயர்

இங்கே கனடாவில் ரைலனோல் போத்தலில் அசெற்றமினோஃபென் என்று எழுதியிருக்கும். ஊரிலிருந்து வரும் பனடோல் பெட்டியில் பரசிற்றமோல் என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. அமெரிக்காவும் கனடாவும் ஒரு பெயரை வைத்துக்கொண்டன, இங்கிலாந்தும் இலங்கையும் இந்தியாவும் இன்னொன்றை வைத்துக்கொண்டன, அவ்வளவுதான். ரெம்ப்ரா, கல்போல், குரோசின், டோலோ 650 எல்லாம் இதே மருந்துதான். “பனடோல் கேட்கவில்லை, அதனால் ரைலனோல் கொடுத்தேன்” என்று சொல்வது, “சோறு சாப்பிட்டும் பசி போகவில்லை, அதனால் சாதம் சாப்பிட்டேன்” என்பதைப் போன்றது. சோற்றில் ஆபத்தில்லை, இதில் உண்டு.

அட்வில், மோற்றின் இரண்டும் ஐபுபுரோஃபென். அலீவ் எனப்படும் நப்ரொக்சன், ஊரில் கொடுக்கப்படும் டைக்ளோஃபெனக், பொன்ஸ்ரன் ஆகியவை வேறு மருந்துகளானாலும் அதே குடும்பம். இந்தக் குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

இதைவிடச் சிக்கலானவை கலப்பு மருந்துகள். இந்தியாவிலிருந்து உறவினர் பலர் கொண்டுவரும் கொம்பிஃபிளாம் குளிசை ஒன்றில் 400 மி.கி. ஐபுபுரோஃபெனும் 325 மி.கி. பரசிற்றமோலும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் போட்டவர் அதற்குமேல் ரைலனோலோ அட்விலோ எடுத்தால் எதை எடுத்தாலும் இரட்டிப்புத்தான். இங்குள்ள நியோசிற்றிரன் தூள், ரைலனோல் கோல்ட், நைகுவில் போன்ற தடிமன் மருந்துகளிலும் அசெற்றமினோஃபென் இருக்கிறது. சுடுதண்ணீரில் கரைத்துத் தேநீர் போலக் குடிப்பதால் அதை மருந்தென்று கணக்கில் எடுக்காதவர்கள் நம்மிடையே அநேகர். நிமெசுலைட் என்ற மருந்து யாருடைய பையிலாவது வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். இந்தியாவிலேயே 2011இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு அது தடை செய்யப்பட்டது.

டிஸ்பிரினும் அப்படியே. அது அஸ்பிரின். வைரஸ் காய்ச்சலோ அம்மாளோ வந்த பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுத்தால் றேயின் நோய் என்ற, ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோய் வரக்கூடும். 18 வயது வரை வீட்டில் யாரும் அதைப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தாகக் கொடுக்கக் கூடாது.

பிழை எங்கே நடக்கிறது

நம் சமூகத்தில் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு இரவு வேலை. இரவு 10.30க்குப் பிள்ளைக்கு ரைலனோல் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார். மாலை வேலை முடித்து அம்மா 12 மணிக்கு வருகிறார். பிள்ளை சுடுகிறது, அட்வில் கொடுக்கிறார். அதிகாலை 3 மணிக்குப் பிள்ளை சிணுங்க, அம்மம்மா எழும்புகிறார். களைத்துப் படுத்திருக்கும் மகளை எழுப்ப மனமில்லை. தன் பையிலுள்ள பனடோல் பாணியைப் பருக்குகிறார். 4.30க்கு அம்மா எழும்புகிறார். அப்பா கொடுத்து 6 மணித்தியாலமாகிவிட்டது என்று கணக்குப் பார்த்து ரைலனோல் கொடுக்கிறார். ஒவ்வொருவரும் செய்தது அவரவர் கணக்கில் சரி. பிள்ளையின் உடம்பிலோ ஒன்றரை மணித்தியால இடைவெளியில் இரண்டு முறை அசெற்றமினோஃபென் போயிருக்கிறது. காலையில் அப்பா வந்ததும் மறுபடியும் தொடங்கும்.

ஒருநாள் இப்படி நடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் காய்ச்சல் 3, 4 நாள் நிற்கும். பிள்ளை சாப்பிடாமல், சத்தி எடுத்து, வாடிக் கிடக்கும் அந்த நாட்களில் அளவுக்கு மிஞ்சிய மருந்து தொடர்ந்து போனால் ஈரல் தாங்காது. அசெற்றமினோஃபெனில் ஒரு சிறு பங்கை ஈரல் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. குளுற்றதியோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் அழித்துவிடும். மருந்து மிஞ்சி, உணவு குறைந்து, குளுற்றதியோன் தீர்ந்துபோனால் நச்சு ஈரலையே தாக்கும். இதில் கொடுமை என்னவென்றால் முதல் நாளில் ஒரு குறியும் தெரியாமல் இருக்கலாம். வயிற்றுப் பிரட்டலும் வாந்தியும் வந்தால்கூட “காய்ச்சல்தானே” என்று விட்டுவிடுவோம். இதற்கு அசெற்றைல்சிஸ்ரீன் என்ற நல்ல மாற்று மருந்து வைத்தியசாலையில் உண்டு. மிஞ்சிய அளவு எடுத்த முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் அது மிக நன்றாக வேலை செய்யும்.

மாறி மாறிக் கொடுக்கும் முறைப்படி 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளில் 8 தடவை, 3 நாளில் 24 தடவை. தடவை கூடக்கூட, கைமாறும் கைகளும் கூடக்கூடப் பிழைக்கு இடம் கூடுகிறது. இங்கிலாந்தின் பிறிஸ்ரலில் 6 மாதம் முதல் 6 வயது வரையான 156 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. இரண்டு மருந்தும் பெற்ற பிள்ளைகள் முதல் 24 மணித்தியாலத்தில், பரசிற்றமோல் மட்டும் பெற்றவர்களைவிட 4.4 மணித்தியாலமும், ஐபுபுரோஃபென் மட்டும் பெற்றவர்களைவிட 2.5 மணித்தியாலமும் குறைவாகவே காய்ச்சலோடு இருந்தார்கள். பலன் இருக்கிறது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தாதியர் கண்காணிப்போடு நடந்த அந்த ஆய்விலேயே 8 வீதமான பிள்ளைகளுக்குப் பரசிற்றமோலும் 11 வீதமானவர்களுக்கு ஐபுபுரோஃபெனும் ஒரு நாளுக்குரிய தடவையை மிஞ்சிக் கொடுக்கப்பட்டிருந்தன. நம் வீட்டில் இரவு 3 மணிக்குக் கண்காணிக்கத் தாதி இல்லை.

கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம் பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை, அளவில் பிழை வரும் என்பதால் மாறி மாறிக் கொடுக்காதீர்கள் என்பதே. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சற்று இளக்கமானது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம். ஒன்று கேட்காவிட்டால் மற்றதற்கு மாறலாம். அடுத்த தடவைக்கு நேரம் வருமுன்பே பிள்ளை மீண்டும் அவதிப்பட்டால் மட்டும் மாற்றிக் கொடுப்பதை யோசிக்கலாம் என்கிறது. வீட்டில் பலர் கைமாறிப் பார்க்கும் நமக்குக் கனடியச் சங்கத்தின் சொல்லே பாதுகாப்பு என்பது நமது எண்ணம். வைத்தியர் உங்கள் பிள்ளையைப் பார்த்து இரண்டையும் கொடுக்கச் சொன்னால் அது வேறு கதை. அப்போதும் எத்தனை மி.லீ., எந்தெந்த நேரம், எத்தனை நாள் என்று எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

தேமாமீற்றரைத் துரத்த வேண்டாம்

மாற்றிக் கொடுக்கும் பழக்கத்துக்கு வேர், காய்ச்சல் மீதுள்ள பயம். 1980இல் பார்ட்டன் ஷ்மிற் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் இதற்குக் “காய்ச்சல் பயம்” என்றே பெயரிட்டு எழுதினார். காய்ச்சல் மூளையைப் பழுதாக்கிவிடும், விடாமல் ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை அன்று அமெரிக்கப் பெற்றோரிடமும் இருந்தது. நமக்கு மட்டும் உரியதல்ல. சாதாரணத் தொற்றில் வரும் காய்ச்சல் மூளையைப் பழுதாக்குவதில்லை. வலிப்பு வந்துவிடுமே என்று சிலர் கேட்பார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருவதுண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லாமல் நின்றுவிடும். காய்ச்சல் மருந்து அதைத் தடுப்பதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆகவே மருந்து எதற்கு? பிள்ளையின் வேதனையைக் குறைத்து, அது குடிக்கவும் உறங்கவும் வைப்பதற்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்லிற்று. 39 பாகையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மருந்து அவசரமில்லை. உறங்கும் பிள்ளையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம். மருந்து கொடுத்து ஒரு மணித்தியாலத்தில் 39.5 பாகை 38.4 ஆகி, பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்டால் மருந்து வேலை செய்துவிட்டது. “இன்னும் 37 ஆகவில்லையே” என்று அடுத்த போத்தலைத் தேடுவதுதான் பிழை. கொத்தமல்லி அவித்துக் கொடுக்கும் அம்மம்மாமாரை நாம் தடுக்கமாட்டோம், நீர் உள்ளே போகிறதல்லவா. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் மட்டும் வேண்டாம். தொப்பி, ஸ்வெற்றர், இரண்டு போர்வை என்று மூடிக் கட்டுவதையும், குளிர்ந்த தண்ணீரில் துடைப்பதையும் விட்டுவிடலாம்.

அளவு வயதில் அல்ல, நிறையில்

அசெற்றமினோஃபென் பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை, 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 5 தடவைக்கு மேற்படாமல். ஐபுபுரோஃபென் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. வரை, 6 முதல் 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வைத்தியரைக் கேளாமல் ஐபுபுரோஃபென் கொடுப்பதில்லை. சத்தியும் வயிற்றோட்டமுமாக நீர் வற்றிப்போன பிள்ளைக்கும் கொடுப்பதில்லை, சிறுநீரகம் பாதிக்கப்படும். அம்மாள் வந்த பிள்ளைக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கனடாவில் விற்கும் கைக்குழந்தைகளுக்கான ரைலனோல் துளி மருந்தில் ஒரு மி.லீ.இல் 80 மி.கி. உண்டு. சிறுவர்களுக்கான பாணியில் 5 மி.லீ.இல் 160 மி.கி. அதாவது சின்னக் குழந்தையின் மருந்துதான் இரண்டரை மடங்கு கடுமையானது. 12 கிலோ பிள்ளைக்குச் சிறுவர் பாணியில் 5 மி.லீ. சரியான அளவு. துளி மருந்துப் போத்தலை எடுத்து அதே 5 மி.லீ.ஐ ஊற்றினால் 160க்குப் பதிலாக 400 மி.கி. போய்விடும். அட்விலிலும் இப்படித்தான்: துளி மருந்தில் ஒரு மி.லீ.க்கு 40 மி.கி., பாணியில் 5 மி.லீ.க்கு 100 மி.கி. அமெரிக்காவில் அசெற்றமினோஃபென் பாணிகளை 2011 முதல் ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தார்கள். எனவே பஃபலோவில் வாங்கிய குழந்தைப் போத்தலும் ஸ்காபரோவில் வாங்கியதும் ஒன்றல்ல. 2022 இலையுதிர் காலத்தில் இங்கே பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்து தட்டுப்பட்டபோது அமெரிக்காவிலிருந்தும் ஊரிலிருந்தும் போத்தல் வருவித்த வீடுகள் உண்டு. அவற்றில் மிச்சம் இருந்தால் இப்போது காலாவதியாகியிருக்கும். பாமசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

சமையல் கரண்டியால் அளக்க வேண்டாம். போத்தலோடு வரும் சிறிஞ்சும் அந்தப் போத்தலுக்கு மட்டுமே.

இனி நாம் சொல்லும் வழி. வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு போத்தல் மட்டும் வெளியே இருக்கட்டும், மற்றவை அலுமாரியில். பிறிட்ஜ் கதவில் ஒரு கடதாசி. கொடுத்த நேரம், மருந்தின் பெயர், எத்தனை மி.லீ., கொடுத்தவர் யார். அம்மம்மாவும் எழுத வேண்டும். பென்சிலில் ஒரு கோடாவது. எழுதாமல் மருந்து கொடுப்பதில்லை என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். முதலில் ஒரு மருந்து, சரியான அளவில். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். பலருக்குப் பிழைப்பது இங்கேதான்: அளவைக் குறைத்துப் பயந்து பயந்து கொடுத்துவிட்டு, கேட்கவில்லை என்று இரண்டாவதற்குத் தாவுகிறார்கள். சரியான அளவு கொடுத்தும் பிள்ளை வேதனைப்பட்டால் 811ஐ அழைத்து ஒன்ராறியோவில் தாதியிடம் கேளுங்கள், மொழிபெயர்ப்பு உதவியும் உண்டு. பாமசியில் உள்ள மருந்தாளரிடமும் இலவசமாகக் கேட்கலாம். இரண்டாவது மருந்தைக் கொடுக்க நேர்ந்தால் அதற்குக் கடதாசியில் வேறு நிரல். ரைலனோலுக்கு ரைலனோலின் மணிக்கூடு, அட்விலுக்கு அட்விலின் மணிக்கூடு.

மருந்தை எட்டவைத்துவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை வந்தாலே உடனே போக வேண்டும். எந்த வயதிலும் மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத சோர்வு, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், பல மணித்தியாலமாகச் சலம் போகாமை என்பவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

சனிக்கிழமை வகுப்பு பற்றி ஒரு சொல்

காலையில் காய்ச்சல் இருந்த பிள்ளைக்கு ரைலனோல் கொடுத்து, சூடு அடங்கியதும் தமிழ் வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ கொண்டுவந்து இறக்கிவிடும் வழக்கம் கூடிவருகிறது. 4 மணித்தியாலத்தில் மருந்து இறங்க, பிள்ளை மேசையில் தலை சாய்த்துவிடுகிறது. இரக்கப்பட்டு ஆசிரியை தன் கைப்பையிலிருந்து ஏதாவது கொடுத்தால் மேலே சொன்ன கதைதான். நம் ஆசிரியைகள் எந்தப் பிள்ளைக்கும் மருந்து கொடுக்க வேண்டாம், பெற்றோரை அழைத்தால் போதும் என்பது நமது கோரிக்கை. பெற்றோருக்கும் ஒன்று: ஒரு சனி வகுப்புத் தவறினால் தமிழ் அழிந்துவிடாது.

பெரியவர்கள் விடயத்தில்

வளர்ந்தவர்களின் பல்லுக்கொதிக்கோ பல் பிடுங்கிய வலிக்கோ ஐபுபுரோஃபெனும் அசெற்றமினோஃபெனும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். பல வேளைகளில் கொடெய்ன் கலந்த குளிசையே தேவைப்படாது. இங்கே நாம் இரண்டு மருந்துக்கும் எதிரில்லை. ஆரோக்கியமான ஒருவர் 24 மணித்தியாலத்தில் அசெற்றமினோஃபென் 4000 மி.கி.க்கு மேலும், வைத்தியரைக் கேளாமல் ஐபுபுரோஃபென் 1200 மி.கி.க்கு மேலும் எடுக்கக் கூடாது. மெலிந்த முதியவர்களை 3000க்குள் நிறுத்தும்படி பல வைத்தியர்கள் சொல்வார்கள். தினமும் மது எடுப்பவர் அசெற்றமினோஃபென் எடுக்குமுன் கேட்பது அவசியம்.

ஆனால் 65 வயது அம்மாவுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் உளைவு என்றால் கதை மாறிவிடும். அழுத்தத்துக்கு எடுக்கும் சில குளிசைகளோடும் சலம் போகும் குளிசையோடும் அட்விலும் சேர்ந்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை நெருக்கும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவருக்கு இரத்தக்கசிவு. இருதயத்துக்காகத் தினமும் சிறிய அஸ்பிரின் எடுப்பவருக்கு அட்வில் அதன் வேலையைக் கெடுக்கக்கூடும். கந்தசஷ்டிக்கு 6 நாள் பட்டினி கிடந்து, தலையிடிக்கு வெறுவயிற்றில் அட்வில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வயிற்றில் புண் வராமல் என்ன செய்யும்? இவர்களுக்கெல்லாம் அளவோடு ரைலனோலே முதல் மருந்து, அதுவும் குடும்ப வைத்தியருக்குத் தெரிந்தே.

ஊருக்குப் போய்வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், யாராக இருந்தாலும், அட்விலைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவை அது கூட்டிவிடும், அஸ்பிரினும் அப்படியே. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தோம் என்பதை வைத்தியசாலையில் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். அவர்களுக்கு அது நினைவில் வராது.

அளவு மிஞ்சிவிட்டது என்று தெரிந்தால், அல்லது சந்தேகம் வந்தாலும், குறி தெரியும்வரை காத்திராமல் நஞ்சு நிலையத்தை அழையுங்கள்: 1-844-764-7669. கியூபெக்கில் இருப்பவர்களுக்கு 1-800-463-5060. யார் கொடுத்தது என்று வீட்டுக்குள் விசாரணை வைப்பதைப் பிறகு பார்க்கலாம். போத்தலையும் பிறிட்ஜ் கதவுக் கடதாசியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிள்ளையின் நிறையை முதலில் கேட்பார்கள்.